மெல்ரோயின் செல் எங்கே?

டிரிங்... டிரிங்... டிரிங்...!

துறைமுகப் பொலிஸ் நிலையத்தின் தொலைபேசி அலறியது.

சார்ஜன் முனாஸ், வாயில் கடித்த பணிஸோடு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... பொலிஸ்..."

மறுமுனையில் ஒரு பெண் குரல் மூச்சு வாங்கியது.

"கிளினிக்கில வைச்ச செல்லைக் காணேல்ல! ஆரோ களவெடுத்திட்டாங்கள்! கெதியா வாங்கோ!"

பணிஸ் தொண்டையில் நின்றது.

முனாஸ் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மெடம்... செல்லாம்! ஆஸ்பத்திரியில இருந்த செல்லை ஆரோ தூக்கிக்கொண்டு போட்டானாம்! குண்டு எடுக்கிற ஆக்களுக்குப் போன் அடிக்கவா?"

இன்ஸ்பெக்டர் சுலக்ஷனா நிமிர்ந்தாள். இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து காணாமல் போன நங்கூரம், காணாமல் போன வலை, காணாமல் போன ஆடு... இவைதான் அவள் கண்ட குற்றங்கள்! உடம்பில் ஒரு துடிப்பு ஓடியது.

"ஆஸ்பத்திரிக்குள்ள செல் எப்பிடி வந்தது? இஞ்ச தாங்கோ!"

ரிசீவரைப் பறித்தாள்.

"இன்ஸ்பெக்டர் சுலக்ஷனா. ஆறுதலாச் சொல்லுங்கோ."

"நான் டொக்டர் நதீஷா. உவர்மலையில மூட்டு வருத்தக் கிளினிக் நடத்திறன். என்ர நோயாளி ஒருத்தரின்ர இரத்தத்தில இருந்து எடுத்த செல்லுகள்... கொழும்பில வளர்த்து நேற்றுத்தான் கொண்டுவந்தது. இண்டைக்குப் பின்னேரம் அவருக்கு ஏத்த வேணும். குடுவையோட காணேல்ல மெடம்!"

சுலக்ஷனா ரிசீவரை வைத்தாள்.

"முனாஸ்... மேசைக்குக் கீழ இருந்து வெளிய வாங்கோ. இது வெடிக்கிற செல் இல்ல."

"அப்ப கதைக்கிற செல்லா மெடம்? என்ன மொடல்?"

"இரத்தச் செல்!"

முனாஸ் தொப்பியை எடுத்துத் தூசு தட்டினார்.

"யா அல்லாஹ்... அதையுமா களவெடுக்கத் தொடங்கிட்டாங்க?"

*

உவர்மலை.

கிளினிக் வாசலில் டொக்டர் நதீஷா நின்ற நிலையைப் பார்த்தால், களவு போனது அவருடைய சொந்தப் பிள்ளையோ என்று தோன்றும்!

"இந்த மேசையில வைச்சனான் மெடம். வெள்ளி நிறம். பால் கான் அளவு. அடுத்த அறைக்குப் போயிட்டுத் திரும்பி வாறன்... இல்ல!"

"உள்ள என்ன இருக்கு?"

"நைதரசன் குளிர். அதுக்குள்ள ஒரு சின்னப் பையில செல்லுகள். மூடியைத் திறந்தால் புகை வரும். குளிர் போயிடும். செல்லெல்லாம் செத்துப்போம்."

"திறக்காட்டில்?"

"இண்டைக்குப் பொழுதுபடும் வரைக்கும் தாங்கும்."

சுலக்ஷனா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"டொக்டர்... இதால என்ன செய்யிறது? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"எங்கட உடம்புக்குள்ள ஒரு பொலிஸ் இருக்கு மெடம். கிருமி வந்தால் பிடிச்சு அடிக்கிறது அதுதான்."

"நல்ல பொலிஸ்!"

"என்ர நோயாளி மெல்ரோயின்ர உடம்பில அந்தப் பொலிசுக்கு விசர் பிடிச்சிட்டுது. கள்ளனை விட்டிட்டு வீட்டுக்காரனை அடிக்குது! அவரின்ர சொந்த மூட்டுகளை. விரல், மணிக்கட்டு, முழங்கால்... வீங்கி, உள்ளுக்குள்ள எலும்பு அரிபடுது."

முனாஸ் தொண்டையைச் செருமினார்.

"அப்பிடிப் பொலிஸ் வெளியிலயும் ஒண்டு ரெண்டு இருக்கு டொக்டர்..."

சுலக்ஷனா முறைத்தாள். முனாஸ் கூரையைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் குடுத்ததெல்லாம் முழுப் பொலிசையும் சேர்த்து அமத்திற மருந்து. இது புதுசு. 'காணும், நிப்பாட்டு, அடிக்காத!' எண்டு அடக்கிற மேலதிகாரிச் செல்லுகளும் எங்கட இரத்தத்தில இருக்கு. அதைப் பிரிச்சு, பழக்கி, பெருக்கி, அதே ஆளுக்குத் திரும்ப ஏத்துறது. பரிசோதனைதான். சுகம் வரும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா மற்ற மருந்தெல்லாம் அந்த மனிசனுக்குத் தோத்துப்போச்சு."

"இதை வேற ஆருக்கும் விக்கலாமா?"

டொக்டர் நதீஷா கசப்பாகச் சிரித்தார்.

"ஆர் வாங்கிறது? இது மெல்ரோய்க்கு மட்டும்தான். வேற ஆளுக்கு ஏத்தினால் அந்த உடம்பு எதிரி எண்டு சண்டைக்குப் போம். உயிரே போகலாம்!"

சுலக்ஷனாவின் புருவம் சுருங்கியது.

விற்க முடியாது. குடிக்க முடியாது. அடகு வைக்க முடியாது. உலகத்தில் ஒரே ஒரு மனிதனைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத ஒரு பொருள்...

அதை ஏன் ஒருவன் திருட வேண்டும்?

"கமரா இருக்கா டொக்டர்?"

"இருக்கு. நான் இன்னும் பாக்கேல்ல. உடன உங்களுக்குத்தான் அடிச்சனான்."

தாதி ஷிஃபானா கணினியைத் தட்டினாள். திரையில் கிளினிக்கின் நடைபாதை விரிந்தது. வெறுமை... வெறுமை... பிறகு ஒரு ஆள். உயரம். அகன்ற தோள். அங்குமிங்கும் பார்த்தார். அறைக்குள் நுழைந்தார். குடுவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மறு கையால் கதவுக் குமிழைப் பிடித்துச் சத்தம் வராமல் சாத்தினார்.

போகிற போக்கில் தலையை நிமிர்த்தினார்.

கமராவுக்கு நேரே முகம்!

"ஐயோ!"

டொக்டர் நதீஷாவின் அலறலில் ஷிஃபானாவின் கை நழுவியது.

"என்ன டொக்டர்? ஆர் இது?"

"இவர்தான்... இவர்தான் மெல்ரோய்!"

*

பாலையூற்று.

மெல்ரோய் ஒரு காலத்தில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மலை போன்ற கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்த மனிதர். இப்போது வீட்டுக் கதிரையில் ஒரு மலையாகவே உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கைகள். விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன.

மனைவி மாகிரட் குசினியிலிருந்து அகப்பையோடு வந்தாள்.

"என்ன மெடம், பொலிஸ் எல்லாம் வந்திருக்கு?"

சுலக்ஷனா கைபேசியில் கமராப் படத்தைத் திருப்பி மெல்ரோயிடம் காட்டினாள்.

"இது ஆர் அண்ணை?"

மெல்ரோய் பார்த்தார்.

கண்கள் ஒரு கணம் விரிந்தன. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"நான்தான்."

மாகிரட்டின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"என்ன... என்ன சொல்லுறீங்கள்?"

"நான்தான் எடுத்தனான். எனக்கு அந்த மருந்து வேண்டாம். என்னைக் கொண்டுபோய் மறியலில போடுங்கோ."

முனாஸ் உற்சாகமாக விலங்கை எடுத்தார். சுலக்ஷனா கையமர்த்தினாள்.

ஏதோ இடித்தது!

படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். குடுவையைத் தூக்கிய கை... கதவுக் குமிழைத் திருப்பிய கை...

"மெல்ரோய் அண்ணை, இந்த அறைக் கதவு சாத்தியிருக்கு. ஒருக்காத் திறவுங்கோ."

"எதுக்கு?"

"சும்மா. திறவுங்கோ."

மெல்ரோய் எழுந்தார். எழுவதற்கே நேரம் பிடித்தது. வட்டக் குமிழை உள்ளங்கையால் பிடித்தார். வழுக்கியது. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நெருக்கினார். பல்லைக் கடித்தார். குமிழ் அசையவில்லை.

கடைசியில் முழங்கையால் முயன்றார்.

சுலக்ஷனாவுக்குப் பார்க்க முடியவில்லை.

"காணும் அண்ணை. இருங்கோ."

"மெடம்!" மாகிரட் வெடித்தாள். "இவருக்குச் சேட்டு மாட்டி, தெறியைப் பூட்டி விடுறதே நான்! கோப்பை பிடிக்க ஏலாத மனிசன் மருந்தைத் தூக்கிக்கொண்டு போறதா? எங்க, அந்தப் படத்தை எனக்குக் காட்டுங்கோ!"

வாங்கிப் பார்த்தாள்.

ஒரு தரம். இன்னொரு தரம்.

"இது இவரில்ல மெடம். அஞ்சலோ!"

"ஆர் அஞ்சலோ?"

"இவரின்ர தமையன். சில நிமிசம்தான் மூப்பு. ரெட்டைப் பிள்ளையள்! மாமி சின்னனில ஒருத்தனையே ரெண்டு தரம் குளிப்பாட்டிப்போட்டு, மற்றவனை ஊத்தையோட விட்டவவாம். அப்பிடி ஒரே அச்சு!"

முனாஸ் விலங்கைப் பையில் திரும்பப் போட்டார்.

"அப்ப ஏன் அண்ணை நான்தான் எண்டு சொன்னீங்கள்?" சுலக்ஷனா குனிந்து கேட்டாள். "அண்ணனைக் காப்பாத்தவா? உங்கட மருந்தைக் களவெடுத்தவரையா?"

மெல்ரோய் மாகிரட்டைப் பார்த்தார். தலையைக் குனிந்தார்.

"அவனில பிழையில்ல மெடம். இதுக்கு மேல கேக்காதேங்கோ. மனிசி நிக்கிறா."

"மனிசி நிண்டால் என்ன?" மாகிரட் உறுமினாள்.

சுலக்ஷனா முனாஸுக்குக் கண் காட்டிவிட்டு ஜீப்புக்கு நடந்தாள்.

*

அஞ்சலோ, பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டுபவர். அங்கே நின்ற ஓட்டோக்காரர்கள் எல்லோரும் ஒரே திசைக்குக் கை காட்டினார்கள்.

"பால் கான் ஒண்டோட சல்லிப் பக்கம் போனவர். கூப்பிடக் கூப்பிட நிக்கேல்ல!"

ஜீப் நிலாவெளி வீதியில் பறந்தது.

சல்லிக் கடற்கரை. வெயிலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. கரையேற்றிய படகுகளுக்கு அப்பால் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு அப்பால், இடுப்பளவு தண்ணீரில்...

மெல்ரோய்!

இல்லை... மெல்ரோயைப் போலவே ஒருவர்! நெஞ்சோடு வெள்ளிக் குடுவையை அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் கிட்ட வரவேண்டாம்! கடலுக்குள்ள போட்டிடுவன்!"

கூட்டத்தில் ஒருவர் முனாஸின் காதைக் கடித்தார்.

"என்ன சேர், பால் பழுதாப் போச்சுதா?"

சுலக்ஷனா சப்பாத்தைக் கழற்றினாள். காற்சட்டையை மடித்தாள். தண்ணீருக்குள் இறங்கினாள்.

"வரவேண்டாம் எண்டெல்லா சொல்லுறன்!"

"போடுறதெண்டால் நீங்கள் வந்த உடனேயே போட்டிருப்பீங்கள் அண்ணை. ஏன் இவ்வளவு நேரமா வைச்சுக்கொண்டு நிக்கிறீங்கள்?"

அஞ்சலோ குடுவையை இன்னும் இறுக்கி அணைத்தார்.

"மனம் வரேல்ல... தம்பியின்ர மருந்து எண்டுதானே எல்லாரும் சொல்லினம். அவன் அதுக்காக எவ்வளவு நாள் காத்திருந்தவன்... ஆனா இது அவனுக்குள்ள போனால் செத்துப்போவான் மெடம்!"

"ஏன் சாகவேணும்? அவரின்ர செல்தானே?"

"இல்ல!"

அலை ஒன்று வந்து இருவரையும் தள்ளாட்டியது. சுலக்ஷனா பாய்ந்து குடுவையின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"இது அவன்ர இல்ல மெடம்... என்ர!"

*

கரையில் கவிழ்த்திருந்த படகில் உட்கார்ந்து அஞ்சலோ சொன்னார். ஈரச் சாரத்திலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

"மெல்ரோய்க்கு ஊசி எண்டால் பயம் மெடம். சின்னனில இருந்து. சின்ன ஊசி எண்டால் கண்ணை மூடிக்கொண்டு, அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு சமாளிச்சுப்போடுவான். ஆனா இந்தச் செல் எடுக்கிறதுக்கு ஒரு மிசின். ரெண்டு கையிலயும் ஊசி. ஒண்டால இரத்தம் போய் மற்றதால வரும். மணிக்கணக்காப் படுத்திருக்கோணும். மிசினைக் கண்ட உடன கக்கூசுக்குள்ள ஓடிப்போய் எனக்குப் போன் அடிச்சவன்..."

"நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

"வெளிய. அவனை ஏத்திக்கொண்டு வந்தது நான்தானே. மாகிரட் அண்டைக்கு வேலைக்குப் போட்டா. 'டேய் அண்ணா, ஒருக்கா வந்து படு. சும்மா இரத்தப் பரிசோதனைதான்' எண்டான். கக்கூசுக்குள்ள ரெண்டு பேரும் சேட்டுகளை மாத்திப் போட்டம். விரலுகளை மடக்கி வைச்சுக்கொண்டு போய்ப் படுத்தன். ஒருத்தருக்கும் விளங்கேல்ல."

முனாஸ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேந்து?"

"நேற்று ரெண்டு பேரையும் கிளினிக்கால ஏத்திக்கொண்டு வாறன். பின்சீட்டில இருந்து மாகிரட் சொல்லுறா... வேற ஆளின்ர செல்லை ஏத்தினால் உயிரே போகுமாம் எண்டு டொக்டர் சொன்னவவாம். மெடம், எனக்குக் கண் இருட்டிப்போச்சு! இந்த ஊர் றோட்டில எப்பவும் நிக்கிற மான் ஒண்டுக்கு மேல ஓட்டோவை விடப் பாத்தன்!"

"தம்பியிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்! வீட்டுக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டுக் கேட்டனான். 'உண்மையைச் சொல்லுவம்டா' எண்டு. அவன் சொல்லுறான்... 'மாகிரட்டுக்கு நான் ஊசிக்குப் பயந்தனான் எண்டு தெரியிறதிலும் பாக்க, நான் சாகிறன்' எண்டு!"

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. அஞ்சலோவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இந்த மனிதர் சிறைக்குப் போகத் தயாராகத்தான் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறார்...

"ஜீப்பில ஏறுங்கோ அண்ணை."

"மறியலுக்கா?"

"டொக்டரிட்ட."

*

கிளினிக் அறை நிரம்பி வழிந்தது. ஒரே முகம் இரண்டு கதிரைகளில்! நடுவில் மாகிரட். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தாள். பேசவில்லை. அதுதான் மெல்ரோய்க்கு அதிகப் பயமாக இருந்தது.

டொக்டர் நதீஷா குடுவையைச் சோதித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் கடுகடுத்தது.

"அடையாள அட்டை பாத்தம். முகம் பாத்தம். ரெட்டையள் எண்டு ஆரும் ஒரு சொல்லுச் சொன்னனீங்களா? இதை நான் மேலிடத்துக்கு அறிவிக்கத்தான் வேணும். எங்களிலயும் பிழை இருக்கு."

"செல் உயிரோட இருக்கா டொக்டர்?" சுலக்ஷனா கேட்டாள்.

"இருக்கு. குளிர் குறையேல்ல."

"அஞ்சலோ எடுக்காமல் விட்டிருந்தால் இண்டைக்கு மெல்ரோய் செத்திருப்பாரா?"

டொக்டர் நதீஷா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே கருவில இருந்து பிரிஞ்ச ரெட்டையள் எண்டால்... இல்ல."

"என்ன?!"

நான்கு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"உடம்புக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க ஏலாது. உங்கட தாய்க்கே ஏலாமப் போச்சுதெண்டு மெடம் சொன்னவவெல்லா? அநேகமா ஒண்டும் நடந்திராது."

அஞ்சலோ மெல்லக் கதிரையில் சாய்ந்தார்.

"அப்ப... நான் கடலுக்குள்ள நிண்டது..."

"சும்மா!" என்றார் முனாஸ்.

"அப்ப டொக்டர்," மெல்ரோயின் முகம் மலர்ந்தது, "அதையே எனக்கு ஏத்துங்கோவன்! பிறகென்ன?"

"'அநேகமா' எண்ட சொல்லை நம்பி நான் ஒருத்தருக்கும் ஊசி போடுறேல்ல. இந்தச் செல்லை உங்களுக்குப் பாவிக்க எனக்கு அனுமதியும் இல்ல. மேலிடம் ஓம் எண்டால், முதல்ல இருந்து தொடங்கலாம். உங்கட இரத்தம். உங்கட கை. அந்த மிசின்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது.

முனாஸ் பேனாவால் தலையைச் சொறிந்தார்.

"மெடம்... வழக்கை எப்பிடி எழுதுறது? களவு போன சாமான்?"

"செல்."

"ஆரின்ர?"

"அஞ்சலோவின்ர."

"களவெடுத்தவர்?"

"அஞ்சலோ."

முனாஸ் எழுதியதை மறுபடி வாசித்துப் பார்த்தார்.

"தன்ர உடம்பில இருந்து வந்ததைத் தானே எடுத்துக்கொண்டு போனவர்... இதுக்கு எந்தச் சட்டம் மெடம்?"

"குடுவை எங்கட," என்றார் டொக்டர் நதீஷா. "ஆனா அது பத்திரமா வந்திட்டுது. முறைப்பாட்டை நான் வாபஸ் வாங்கிறன்."

அப்போதுதான் மாகிரட் எழுந்தாள். அவள் மெல்ரோயின் முன்னால் போய் நின்றாள். வீங்கிய அந்தக் கைகள் இரண்டையும் மெதுவாகத் தூக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் சிரிப்பன் எண்டா சாகப் பாத்தனீங்கள்?"

மெல்ரோய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண் கலங்கியது.

"சிரிப்பன்தான்," என்றாள் மாகிரட். "ஆனா பக்கத்தில நிண்டுதான் சிரிப்பன்."

*

மேலிடம் அனுமதி தந்தது. மெல்ரோயின் சொந்தச் செல்கள் கொழும்புக்குப் போய்ப் பழகி, பெருகி, திரும்பி வந்து அவர் உடம்பில் ஏறின. உடனே ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலையில் விரல்களின் விறைப்புக் குறைந்தது. வீக்கம் வற்றியது. சாய்ந்த விரல் சாய்ந்ததுதான். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது, மெல்ரோய் தன் சேட்டின் மேல் தெறியைத் தானே பூட்டிக்கொண்டார். மாகிரட் குசினிக்குள் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள்.

ஆனால் துறைமுகப் பொலிஸ் நிலையத்தில் இன்றுவரை சொல்லிச் சிரிப்பது அந்தக் கதை அல்ல. அதற்கு முன்பு, மிசினில் இரத்தம் எடுத்த நாள் நடந்ததைத்தான்!

ஆள் மாறாமல் பார்க்கச் சுலக்ஷனா நேரில் வந்திருந்தாள். அஞ்சலோவை முனாஸின் காவலில் வாசலில் நிறுத்தியாயிற்று. மெல்ரோய் கட்டிலில் படுத்திருந்தார். வியர்வை ஆறாய் ஓடியது.

மாகிரட் தலைமாட்டில் நின்று அதட்டினாள்.

"கண்ணைத் திறவுங்கோ! மூண்டு பிள்ளை பெத்தனான் நான். ஊசி எண்டால் எனக்கு நுளம்பு கடிக்கிற மாதிரி. ஆம்பிளை எண்டு சொல்லிக்கொண்டு வெக்கமா இல்லையே?"

ஷிஃபானா ஊசியை எடுத்தாள்.

ஒரு கை...

மறு கை...

மெல்ரோய் ஒரு கண்ணைத் திறந்தார். மற்றதையும் திறந்தார்.

"முடிஞ்சுதா? இவ்வளவுதானா?"

மிசின் உறுமியது. கண்ணாடி போன்ற குழாய்க்குள் சிவப்பாய் இரத்தம் ஏறியது... சுற்றியது... மாகிரட்டின் மூக்குக்கு நேராக ஓடியது...

தொப்!

எல்லோரும் திரும்பினார்கள்.

நிலத்தில் ஒரு உடல்!

"அக்கா! மாகிரட் அக்கா!" ஷிஃபானா கத்தினாள்.

டொக்டர் நதீஷா தண்ணீருக்கு ஓடினார். சுலக்ஷனா பாய்ந்து குனிந்து மாகிரட்டின் தலையைத் தூக்கினாள். மூச்சு இருந்தது. நாடி இருந்தது. ஊசிக்கு அஞ்சாத அந்த வீரம் மட்டும்தான் மயங்கிக் கிடந்தது!

கட்டிலிலிருந்து மெல்ரோயின் குரல் கணீரென்று வந்தது.

"மெடம்! தண்ணி பேந்து தெளிக்கலாம்... முதல்ல கெதியா ஒரு படம் எடுங்கோ! எனக்கு இப்ப ரெண்டு கையும் ஏலாது!"